மருதங்கன்றின் கழலையும் கருத்தையாவின் கைராசியும்

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் கழகத் தலைவர், உரக்கடை உரிமையாளர் உயர்திரு ராஜரத்தினம் அவர்களே, வாரி வழங்கி வழங்கியே வாடிப்போன வள்ளல்களே, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தும் முகம் சுளிக்காத தாய்மார்களே, கூட்டம் முடிந்தால் வடை உண்டு என்று கேள்விப்பட்டு வந்த பெரியோர்களே, இராஜபாளையத்து இளைஞர்களே, பள்ளியில் விலங்கியல் கற்பிக்கும் இந்த ஞானபாக்கியத்தின் வணக்கம்.

நமது பசுமைக் கழகத்தின் 1989-ஆம் ஆண்டு விழாவில் எனக்கு இட்ட பணி நன்றியுரை. இரண்டு வார்த்தை போதும் என்றார் தலைவர். இரண்டு வார்த்தையில் அடங்குகிற நன்றியா இது? எனக்குப் பின் ஒரு தீர்மானம் வரப்போகிறது. பிளவக்கல் மலையடிவாரத்தில் நாம் நட்ட மருதங்கன்றுகளின் இலையெல்லாம் கழலை கழலையாய்ப் புடைத்துவிட்டதாம். காவல்காரர் கருத்தையாவுக்குக் கைராசி இல்லையாம். ஆகவே அவரை நீக்கவேண்டுமாம். வேலை போனால் தோப்புக் குடிசையும் போகும். அந்தக் குடிசையில் அவர் மகள் பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறாள். கை தூக்குமுன் என் நன்றியைக் கேட்டுவிட்டுத் தூக்குங்கள்.

முதல் நன்றி, கன்றுக்கு ஒரு தகரப்பலகை மாட்டிய யோசனைக்கு. காட்டுமரத்துக்கு 'உபயம்' எழுதிய ஊர் உலகத்தில் வேறு உண்டா? கோயில் டியூப்லைட்டில் வெளிச்சம் வர வழியில்லாமல் பெயர் எழுதிப் பழகிய கை, கன்றை மட்டும் விட்டுவிடுமா? பெயர் ஏறியது, கூடவே போட்டி ஏறியது. தலைவரின் கன்றுக்கு யூரியா வந்தது. பால்கோவாக் கடை சேஷு அவர்கள் பொறுப்பாரா? அவர் கன்றுக்குச் சாணம் வந்தது, கடலைப்பிண்ணாக்கு வந்தது, பால்கோவாச் சட்டி கழுவிய தண்ணீரும் வந்தது. சிரிக்காதீர்கள், இது வரலாறு. "அவிய கன்னு எம்புட்டு ஒசரம், நம்ம கன்னு இம்புட்டுத்தானா?" என்று சேஷு கேட்டதைத் தோப்பே கேட்டது. மறுவாரம் தலைவர் இன்னும் பெரிய மூட்டையோடு போனார்.

கன்றுகள் தளதளவென்று தளிர்த்தன. தளிரைத் தேடிப் பூச்சி வந்தது. எள்ளளவுப் பூச்சி. தளிரில் முட்டையிடும், குஞ்சு சாற்றை உறிஞ்சும், உறிஞ்சிய இடத்தில் இலையே புடைத்து அதற்கு அறை கட்டிக்கொடுக்கும். அந்த அறைதான் கழலை. செங்கல் சுமக்கவில்லை, சிமெண்டு குழைக்கவில்லை, வாடகையில்லாத வீடு, உள்ளேயே சாப்பாடு. நம்மூர் வீட்டோடு மாப்பிள்ளைகளுக்குக்கூட இந்த யோகம் வாய்த்ததுண்டா? முன்வரிசையில் ஒருவர் தலை குனிகிறார். உங்களைச் சொல்லவில்லை, ஐயா.

எல்லாப் பூச்சியும் கொழுத்த மண்ணைத்தான் தேடும் என்று சொல்ல நான் வரவில்லை. மெலிந்த மண்ணின் முரட்டு இலையை விரும்பும் வகையும் காட்டில் உண்டு. நம் மருதுக்கு வந்த விருந்தாளி அந்த வகை அல்ல. தோப்பின் மேற்கே பாறைச்சரிவில் பலகையில்லாத மருதங்கன்றுகள் நிற்கின்றன, உபயம் தர ஆளில்லாத அநாதைகள். யூரியா காணாதவை, பிண்ணாக்கு மணமே அறியாதவை. குட்டைதான். ஆனால் அவற்றில் ஒரு கழலை பார்க்க நான் இலை இலையாய்ப் புரட்டவேண்டியிருந்தது. அந்தக் கன்றுகளை நட்டது யார்? கருத்தையா. தண்ணீர் சுமந்தது யார்? அதே கருத்தையா. பாறையோரம் பலிக்கிற கைராசி, பலகையைக் கண்டதும் பயந்து ஓடிவிடுமோ?

"இம்புட்டு உரம் எதுக்குய்யா?" என்று அவரிடம் கேட்டேன். "மொதலாளிமாரு காருல கொண்டாந்து அவியளே கொட்டுதாக. வேண்டாமுன்னு சொன்னா இந்த வேல நெலைக்குமாம்மா?" என்றார். சொல்லியிருந்தால் அன்றே போயிருக்கும். சொல்லாததால் இன்று போகிறது. இது எந்த ஊர் நியாயம்? எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

இதோ, கிளைகள். மேசைமேல் வைக்கிறேன். ஒவ்வொன்றிலும் உங்கள் உபயப்பலகை கட்டியிருக்கிறது. தீர்மானத்துக்குக் கை தூக்க நினைக்கும் வள்ளல் மேடைக்கு வரட்டும். தம் பெயர் தாங்கிய கிளையில் ஒரு கழலையைத் தம் நகத்தாலேயே கீறட்டும். உள்ளே குஞ்சு இல்லையென்றால், கருத்தையாவை நீக்க முதலில் தூக்கும் கை என்னுடையது.

வாருங்கள். சேஷு அவர்களே? "செத்த நேரம் போகட்டும்" என்கிறார். தலைவர் அவர்களே? மணியைத் தட்டுகிறீர்கள், கழலை மணியில் இல்லை, கிளை இந்தப் பக்கம் இருக்கிறது. வேறு யார்? இருமல்தான் கேட்கிறது, எழுந்திருப்பவரைக் காணோம்.

ஆக, முன்மொழிய ஆளில்லை, வழிமொழிய நாதியில்லை. தீர்மானம் விழுந்தது. கைதட்டிய தாய்மார்களுக்கு நன்றி. வாயடைத்த வள்ளல்களுக்கு அதைவிட நன்றி.

கருத்தையா, எழுந்து நில்லும். உம் மகள் அதே குடிசையில் நிம்மதியாய்ப் படுத்திருக்கட்டும். நாளை முதல் உரமூட்டையோடு எந்தக் கார் வந்தாலும், அது தலைவர் காராகவே இருந்தாலும், தோப்புக் கேட்டைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொள்ளும். ஏன் என்று கேட்டால், இத்தனை பேர் முன்னால் ஞானபாக்கியம் டீச்சர் சொன்னாள் என்று சொல்லும். அனைவருக்கும் வணக்கம்.