பரலோகத்து வாசல்

“செத்தப்புறம் என்னைத் தேடாதீங்க” என்ற குரலில் என் தூக்கம் கலைந்தது. ஞாயிறு மதியம், வேளச்சேரி போகும் பறக்கும் ரயில். எதிரே வயதான கணவனும் மனைவியும். அவர் மடியில் பைபிள். அந்த அம்மா கையில் புத்த விகாரையில் கொடுத்த தாமரை மொட்டு.

“நான் மொதல்ல போனா பரலோகத்து வாசல்லயே நிப்பேன் வசந்தா. நீ வரமாட்டியா?”

“வர்றதுக்கு நான்னு ஒருத்தி இருந்தாத்தானே? சர்ச்சுல ஒரு மெழுகுவர்த்தியிலேர்ந்து இன்னொண்ணைப் பத்த வெக்கிறீங்க. அது பழைய நெருப்பா, புதுசா? எங்க விகாரை வகுப்புல இதான் சொல்றாங்க. மறுபடி பொறக்கிறது அதே ஆளும் இல்ல, வேற ஆளும் இல்ல.”

அவர் மடியிலிருந்த பைபிளைத் தட்டினார்.

“பழைய ஏற்பாட்டுல யூதருங்க சாவுக்கு அந்தப் பக்கத்தைப் பத்தி ரொம்பப் பேசல. இங்க ஒழுங்கா இருன்னுதான் சொன்னாங்க. கிறிஸ்தவங்க நாங்கதான் வாசல் வரைக்கும் போயிட்டோம்.”

கோட்டூர்புரத்தில் ரயில் ஆற்றைக் கடந்தது. தண்ணீரின் வெளிச்சம் பெட்டியின் கூரையில் அலைந்துகொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

“புது நெருப்புன்னாலும் பரவால்ல. எந்த மெழுகுவர்த்தின்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது. அதனாலதான் இப்பவே பக்கத்துல உக்காந்துக்கிட்டு இருக்கேன்.”