இருபத்தேழு நம்பர் சிப்பாய்

...அதான் சார் சொல்றேன், அந்தம்மாவுக்கு எங்க குடும்பத்து மேல என்ன கோவமோ தெரியல. தாடைய இன்னும் கொஞ்சம் கீழ... ஆங், அப்படியே. அசையாதீங்க. நாலு வருஷம் சார்! நாலு வருஷமா ஒரே பதில். ‘தங்கள் கடிதத்துக்கு நன்றி. தாங்கள் குறிப்பிடும் நபர் இருபத்தேழாம் படைப்பிரிவில் பணியாற்றியதாகத் தெரியவில்லை.’ தெரியவில்லையாம்! போட்டோல தோள்ல நம்பர் பளிச்சுனு இருக்கு. நான் பாக்குறேன், எங்க வீட்டுல எல்லாரும் பாக்குறாங்க. கடல் தாண்டி அவ்ளோ பெரிய ஆவணக் காப்பகத்துல உக்காந்துக்கிட்டு அந்தம்மாவுக்கு மட்டும் தெரியல.

கண்ண மூடிட்டீங்க. பரவால்ல, இன்னொண்ணு எடுக்கலாம். விசா போட்டோன்னா ரெண்டு காதும் தெரியணும், பல்லு தெரியக்கூடாது. இல்ல இல்ல, பேசாதீங்க, வாய் கோணிக்கும். நான் பேசுறேன், நீங்க சும்மா இருங்க.

யார் போட்டோன்னு கேக்க வர்றீங்க, அதானே? உங்க பின்னாடி... திரும்பாதீங்க! பின்னாடி செவுத்துல மாட்டியிருக்கே, மீசை வச்சுக்கிட்டு, மூணு மெடலோட, அவருதான். எங்க தாத்தாவோட அப்பா. சிப்பாய். அந்தக் காலத்துல பெரிய சண்டைக்குக் கப்பல் ஏறிப் போனவரு. சண்டை முடிஞ்சு வீட்டுக்கு வந்தாரு. வந்து மூணே மாசம் இருந்தாரு சார். மறுபடி கப்பல் ஏறி வெளிநாடு போனவரு... போனவருதான். பொண்டாட்டிய விட்டுட்டு, ரெண்டு ஆம்பளப் புள்ளைங்கள விட்டுட்டு. அதுல பெரியவருதான் எங்க தாத்தா.

சரி, ஏன் போனாரு, என்ன ஆனாரு? யாருக்கும் தெரியாது. தெரியலன்னா சும்மா இருக்கலாம்ல? எங்க குடும்பத்துல சும்மா இருக்கத் தெரியாது. எங்க பெரியப்பா என்ன சொல்லுவாரு தெரியுமா? ‘ரகசியமா ராணுவம் திரும்பக் கூப்பிட்டிருக்கும். வீர மரணம்.’ அவரோட தங்கச்சி, எங்க அத்தை, அவங்க என்ன சொல்லுவாங்க? ‘ஓடிப்போனவன்.’ ஒரே வார்த்தை. அதுக்கு மேல ஒரு வார்த்தை கிடையாது.

என் பொண்ணு கல்யாணத்துல பெரியப்பா மைக்க பிடிச்சாரு சார். பொண்ணு மாப்பிள்ளைய வாழ்த்துவாருன்னு பாத்தா, ‘இது வீரர் பரம்பரை’ன்னு ஆரம்பிச்சுட்டாரு. அத்தை முன் வரிசைல உக்காந்திருந்தாங்க. மைக்கே வேணாம் அவங்களுக்கு. ‘பொண்டாட்டி புள்ளைய நடுத்தெருவுல விட்டவனுக்கு மெடல் ஒண்ணுதான் கேடு!’ன்னாங்க. அவ்ளோதான். பதினோரு வருஷமாச்சு. அண்ணனும் தங்கச்சியும் ஒரு வார்த்தை பேசல. அவரு ரெண்டு தெரு தள்ளி இருக்காரு, இவங்க இந்தக் கடைக்கு மேல மாடில இருக்காங்க. நடுவுல நான் தபால்காரி. ‘உங்க அத்தைகிட்ட சொல்லு, நாளைக்குத் தண்ணி வராதாம்.’ ‘உங்க பெரியப்பாகிட்ட சொல்லு, எனக்கும் பேப்பர் வருதுன்னு.’ எனக்கு இது தேவையா சார்?

அத்தை மேலயும் தப்பு சொல்ல முடியாது. எங்க தாத்தா, அதான் அவங்க அப்பா, பத்து வயசுல மூட்டை தூக்கப் போனவரு. ‘உங்க அப்பா எங்க’ன்னு யாராவது கேட்டா, காது கேக்காத மாதிரி வேற பக்கம் திரும்பிக்குவாராம். நிஜமாவே காது கேக்காதுன்னு ஊர்ல பாதிப் பேரு நெனச்சாங்களாம். அதப் பாத்து வளந்தவங்க அத்தை.

ஆ... சிரிச்சுட்டீங்களா? இல்லயா? இருமலா? சரி, தண்ணி குடிங்க.

அதான், இதுக்கு ஒரு முடிவு கட்டணும்னுதான் நான் எழுத ஆரம்பிச்சேன். அந்த நாட்டுக் காப்பகத்துல பழைய சிப்பாய்ங்க ஃபைல் எல்லாம் பத்திரமா வச்சிருக்காங்களாம், கேட்டா காப்பி அனுப்புவாங்களாம். விண்ணப்பப் பாரம் எழுதினேன். பேரு எப்படி எழுதுறது? அந்தக் காலத்து கிளார்க்கு காதுல என்ன விழுந்துச்சோ! பதினோரு விதமா எழுதி அனுப்பினேன். பதினோரு தடவையும் ‘இல்லை’. பன்னெண்டாவது தடவ ஒரு கவர் வந்துச்சு பாருங்க, கனமா! ‘இருபத்தேழாம் பிரிவில் தாங்கள் கூறும் பெயரை ஒட்டிய ஒரே பதிவு இதுதான்.’ பிரிச்சேன். வயசு ஒம்போது. நிறம் பழுப்பு. குணம்: கடிக்கும்.

கழுத சார்! கோவேறு கழுத! மூட்டை சுமக்குற கழுதைக்கெல்லாம் பேரு வச்சு, நோட்டு போட்டு, வைத்தியச் சான்றிதழோட வச்சிருக்காங்க. எங்க கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு சீட்டு இல்ல. அத்தை கண்ணாடியப் போட்டுக்கிட்டு முழுசா படிச்சாங்க. படிச்சுட்டு, ‘இந்த ஆளேதான். சந்தேகமே இல்ல’ன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க.

பெரியப்பா விடல. ‘ரகசியப் பிரிவுன்னா ஃபைல வெளில காட்ட மாட்டாங்க’ன்னு சொல்லிட்டாரு. இருபத்தேழாம் படைப்பிரிவு வாரிசுகள் சங்கம்னு ஒண்ணு இருக்கு சார். நம்ம செவுத்துல இருக்கிற போட்டோவக் காட்டி அதுல சேந்தாரு. இப்ப துணைத் தலைவரு! கோட்டு தச்சுட்டாரு. பாக்கெட்ல இருபத்தேழுன்னு தங்க நூல்ல. வெயில்லயும் கழட்ட மாட்டாரு. வர்ற ஞாயித்துக்கெழம சங்கத்து ஆண்டுக் கூட்டம். நாலடி உயரத்துக்கு இந்தப் போட்டோவ பெருசு பண்ணித் தரணும்னு சொல்லியிருக்காரு. இப்ப வருவாரு அதுக்குத்தான்.

இந்தாங்க, உங்க போட்டோ ஆயிடுச்சு. எட்டு காப்பி. ஈரம் காயட்டும், ரெண்டு நிமிஷம் உக்காருங்க. அவசரமா? என்ன சார் அவசரம், விசாக்காரன் எங்க ஓடிடப் போறான்.

எங்க விட்டேன்? ஆ, அந்தம்மா! போன மாசம் எனக்கு ஒரு லெட்டர் போட்டிருக்கு பாருங்க, அதுலதான் எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சு. ‘தாங்கள் அனுப்பிய படத்தில் முகத்தின் மேல் வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழுகிறது. தோள் எண்ணின் மேல் வலப்பக்கமிருந்து விழுகிறது. அசல் படத்தை அனுப்ப முடியுமா?’ எனக்கு! முப்பது வருஷமா ஸ்டூடியோ வச்சிருக்கிறவளுக்கு வெளிச்சம் எந்தப் பக்கம்னு பாடம் எடுக்குது! நான் விடுவேனா? அசலயே காட்டி மூக்க ஒடைக்கிறேன்னு பரண்ல ஏறி, பழைய கவர் எல்லாத்தையும் கொட்டி, அசல எடுத்து, லென்ஸ வச்சுப் பாத்தா...

வந்து... சார், நீங்க இந்த ஊர விட்டுப் போறவருதானே? போறவருகிட்ட சொன்னா தப்பில்ல.

தோள்ல நம்பர் இல்ல. தோளே இல்ல. பூச்சி அரிச்சு ஓட்டை. இத்தனூண்டு இல்ல, கழுத்துலேர்ந்து கை வரைக்கும். அப்பத்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. இருபத்திரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பெரியப்பா இந்தப் போட்டோவக் கொண்டாந்து ‘சரி பண்ணிக் குடும்மா’ன்னாரு. நான் அப்பத்தான் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தேன். புதுக் கை சார்! எதப் பாத்தாலும் ஏதாவது பண்ணணும்னு அரிப்பு. தோள வரைஞ்சேன். மெடல் ஒண்ணு வச்சேன், அழகா இருந்துச்சு, இன்னும் ரெண்டு வச்சேன். மீசை... அந்த மனுஷனுக்கு மீசையே கெடையாது. அது மளிகைக்கடைக்காரரோட மீசை, அவரு படம் பக்கத்துல தொறந்து இருந்துச்சு. தோளு மட்டும் மொட்டையா இருந்துச்சு. ஒரு நம்பர் போட்டா எடுப்பா இருக்குமேன்னு யோசிச்சேன். அந்த நேரம் பாத்து வாசல்ல ஒரு பஸ்ஸு வந்து நின்னுச்சு. அதோட நெத்தில என்ன எழுதியிருந்துச்சுன்னு நான் வேற சொல்லணுமா?

சிரிங்க சார், நல்லா சிரிங்க. இப்ப பல்லு தெரிஞ்சா பரவால்ல.

நாலு வருஷமா, இப்ப உங்ககிட்டகூட, நான் அந்தம்மாவத் திட்டினது, கழுத வந்தது, பெரியப்பா கோட்டு தச்சது, எல்லாம் என் கைவண்ணம். இன்னொரு கூத்து, ஸ்கேனருக்குள்ள அடங்கலன்னு படம் ஒட்டியிருந்த அட்டையோட அடிப்பக்கத்த வேற வெட்டியிருந்தேன். நல்ல வேளை, தூக்கிப் போடல, அதே கவர்ல கெடந்துச்சு. அந்தத் துண்டுல, படம் புடிச்ச வெளிநாட்டு ஸ்டூடியோ பேரும் மையில ஒரு நம்பரும் இருந்துச்சு. மானத்த விட்டு எல்லாத்தையும் அந்தம்மாவுக்கு எழுதினேன். பஸ்ஸ மட்டும் எழுதல. அந்தம்மா ஒரு வார்த்தை குத்திப் பேசல சார். அந்த ஸ்டூடியோவோட பழைய நோட்டு அவங்க காப்பகத்துலயே இருந்துச்சாம். தேடி, நம்பர ஒத்துப் பாத்து, ஆளப் புடிச்சு, காலைல ஃபைலு வந்துடுச்சு. பதினெட்டுப் பக்கம். அதோ மேசை மேல.

காலைலேர்ந்து மூணு தடவ படிச்சுட்டேன். மாடி ஏற கால் வரல. அதான் உங்களப் புடிச்சு உக்கார வச்சிருக்கேன், கோவிச்சுக்காதீங்க.

அவரு துப்பாக்கி தூக்கவே இல்ல. பட்டாளத்துக்கு ரொட்டி சுட்டவரு. ஒரு நாளைக்கு நாலாயிரம் ரொட்டியாம். சண்டைக்குப் போனவங்க அங்க குடியேறலாம், வேலை தர்றோம்னு அந்த நாட்டுல சொல்லியிருக்காங்க. அதுக்குத்தான் திரும்பப் போயிருக்காரு. போய், சேந்த எட்டாவது மாசமே மனு போட்டிருக்காரு: ‘மனைவியையும் இரு மகன்களையும் அழைத்துக்கொள்ள அனுமதி வேண்டும்.’ ஓடிப்போனவரு செய்யிற வேலையா இது? ஒண்ணு இல்ல சார், நாலு மனு.

அப்புறம் ஏன் குடும்பம் அங்க போகலன்னா, இங்க ஒரு அதிகாரி வீட்டுக்கே வந்து எங்க கொள்ளுப்பாட்டிய விசாரிச்சு எழுதி அனுப்பியிருக்காரு. அந்தப் பக்கமும் ஃபைல்ல இருக்கு. ‘மேற்படி பெண்மணி வர மறுக்கிறார். கூறிய காரணங்கள்: கப்பலில் வாந்தி வரும். அங்கே குளிரும். கணவர் குறட்டை விடுவார்.’ கவர்மெண்டு முத்திரை குத்தியிருக்கு சார், குறட்டை மேலயே! அதுக்குக் கீழ கொள்ளுப்பாட்டி சொன்னத அப்படியே எழுதியிருக்கான் அந்தப் புண்ணியவான்: ‘வேணும்னா அவரே வந்து கூப்பிடட்டும். பாரம் போட்டு வரவழைக்க நான் என்ன பார்சலா?’ இத அவங்க யாருகிட்டயும் சொல்லவே இல்ல போல, பெத்த புள்ளைங்ககிட்டகூட.

அப்புறம் அவரோட நாலாவது மனு. அதுல ஓரத்துல ரெண்டே வரி. ‘மனைவிக்கு ஒதுக்கிய கப்பல் சீட்டில் தானே சென்று அவரை நேரில் அழைத்துவர விண்ணப்பதாரர் அனுமதி கேட்கிறார். விதிகளில் இடமில்லை.’

...ஒண்ணுமில்ல. லைட்டு கண்ணக் கூசுது.

அப்புறம் பன்னெண்டு வருஷம் அங்கயே ரொட்டி சுட்டிருக்காரு. ஆஸ்பத்திரில போயிட்டாரு. கடைசிப் பக்கத்துல, நெருங்கிய உறவுன்னு ஒரு கட்டம் இருக்கு. மனைவின்னு போட்டு, நம்ம வீட்டு வெலாசம், கதவு நம்பர் வரைக்கும் சரியா இருக்கு. வேற யாரு பேரும் இல்ல.

இப்ப நான் அத்தைகிட்ட ‘அவரு ஓடல’ன்னு சொல்லணும். பெரியப்பாகிட்ட ‘அவரு வீரரும் இல்ல, அந்த இருபத்தேழு ஒரு பஸ்ஸு’ன்னு சொல்லணும். அத்தைய சமாளிச்சுடுவேன். பெரியப்பாவுக்கு எழுபத்தொம்போது வயசு சார். அந்தக் கோட்ட தடவிக்கிட்டே நிப்பாரு. எப்படி சொல்லுவேன்?

சார், ஒரே ஒரு உதவி. நீங்க அந்த நாற்காலில பெரியப்பா மாதிரி உக்காருங்க, நான் சொல்லிப் பாக்குறேன். நான் செவுத்துப் பக்கம் திரும்பி நின்னுக்கிறேன், மூஞ்சியப் பாத்தா வாய் வராது. சரியா? ‘பெரியப்பா... உங்களுக்கு ஒரு நல்ல சேதி’... சே, பொய்யா இருக்கு. ‘பெரியப்பா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். அந்த நம்பர் நான் போட்டது. மெடலும் நான் போட்டது. உங்கள சபைல நிக்க வச்சது என் திமிரு. ஆனா பெரியப்பா, அந்த மனுஷன் நாலு தடவ கூப்பிட்டிருக்காரு. தானே வந்து கூட்டிட்டுப் போறேன்னு கெஞ்சியிருக்காரு. அது மெடலவிட பெருசு இல்லயா? நீங்க என்னத் திட்டணும்னா திட்டிடுங்க, கோட்ட மட்டும்...’ எப்படி சார் இருக்கு? சார்? கொஞ்சம் நீளமோ? ஏன் சார் பதிலே—

பெரியப்பா!

எப்ப வந்தீங்க? இங்க ஒருத்தர் உக்காந்திருந்தாரே... போட்டோவ எடுத்துட்டுப் போயிட்டாரா? நீங்க எதுலேர்ந்து கேட்டீங்க? ...ரொட்டிலேர்ந்தா? அப்பலேர்ந்து வாசல்லயேவா நின்னீங்க? ஐயோ. உக்காருங்க. தண்ணி தரட்டுமா? பெரியப்பா, நான் வேணும்னு பண்ணல, புதுக் கம்ப்யூட்டரு, நான்... என்ன? ஃபைலா? இந்தாங்க. இது மனு. இது நாலாவது. கண்ணாடி? இந்தாங்க என்னோடது.

...படிச்சுட்டீங்களா.

கோட்ட ஏன் கழட்டுறீங்க பெரியப்பா? வேர்க்குதா? சரி, சரி, நான் வாங்கி மாட்டுறேன். என்ன சொல்றீங்க, மெதுவா சொல்லுங்க. அத்தையவா? இத அத்தைக்குக் காட்டணுமா? நான் போய்க் கூட்டிட்டு வரணுமா?

முடியாது பெரியப்பா. பதினோரு வருஷம் உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஓடினேன், இன்னிக்கு நான் போக மாட்டேன். ஃபைல நீங்களே கையில எடுத்துக்கங்க. மொத்தம் பதினாறு படிதான். கம்பியப் புடிச்சுக்கிட்டு மெதுவா ஏறுங்க.