மாற்றம் ஒண்ணுமில்ல

குடை, நாரத்தங்கா, மணி. சொல்லிட்டேன்ல? இன்னொரு தரம் வேணும்னாலும் சொல்றேன். குடை, நாரத்தங்கா, மணி. போதும்ல மோளே? இனி நான் கொஞ்ச நேரம் எதையாவது பேசணும், நீ அதை ரெக்கார்டு பண்ணுவ, அப்புறம் திடீர்னு அந்த மூணு வார்த்தை என்னன்னு கேப்ப. நாலு வருஷமா இதே கூத்துதானே நமக்குள்ள. வார்த்தையை மட்டும்தான் நீ மாத்துற. போன தடவை சுத்தியல், வாழையிலை, பல்லி. பாத்தியா? மறக்கலயே!

சும்மா சொல்லல மோளே. நீ குடுக்கிற மூணையும் நான் வீட்டுக்குக் கொண்டுபோயிருவேன். கஞ்சி வெக்கும்போது சொல்லுவேன், துணி காயப்போடும்போது சொல்லுவேன். சுத்தியல், வாழையிலை, பல்லி. வேற யாரு எனக்கு இப்ப வார்த்தை குடுக்கிறா?

சரி சரி, செவப்பு வெளக்கு எரியுதா? பேரு விஜயப்பன். வயசு எழுவத்துமூணு. சர்க்கார் படகுல, அதான் போட்டுல, ஸ்ராங்கா இருந்து ரிட்டயர் ஆனவன். ஸ்ராங்குன்னா சுக்கான் பிடிக்கிறவன்னு உனக்குச் சொல்லியிருக்கேன்ல? ஆமா, நீ மலப்புறத்துக்காரி, வாழைப்பழத்தை வாயப்பயம்ங்கற ஊரு, உனக்குக் காயலும் தெரியாது போட்டும் தெரியாது. மொறைக்காத. இதுவும் ரெக்கார்டு ஆகட்டும்.

என்ன பேசட்டும்? இன்னைக்கு வர்றப்ப கேன்டீன்ல ஒரு பழம்பொரி தின்னேன். நேந்திரம் பழுக்கவே இல்ல, வெறகை மாவுல முக்கிப் பொரிச்ச மாதிரி இருந்துச்சு. டீ மட்டும் பரவால்ல. குடிச்சிட்டு நேரா இங்க வந்து உங்க பலகை முன்னாடி நின்னுட்டேன். அதான், வெளிய ஒட்டியிருக்கீங்களே, ஆராய்ச்சிச் செய்தின்னு மாசாமாசம். உங்களை மாதிரி டாக்டருங்களுக்குத்தான் ஒட்டுறாங்க, எனக்கில்ல, தெரியும். ஆனா உங்க ஆளு ஒருத்தர்கூட நின்னு படிச்சு நான் பாத்ததில்ல. நான் ஒரு வரி விடமாட்டேன். இங்கிலீஷ்தான், எழுத்துக் கூட்டிப் படிச்சிருவேன்.

எலிங்க இருக்கிற ரூமுக்குப் புது ஏசி போட்டாச்சாம். என் வீட்டு ஃபேன் கடகடன்னு கழுத்துல விழற மாதிரி சுத்துது, உங்க எலிக்கு வந்த யோகத்தைப் பாரு! பழைய ரத்தமெல்லாம் ஃப்ரீசர்ல எடத்தை அடைச்சுக்கிட்டிருக்காம், அவங்கவங்க வந்து எடுத்துக்கிட்டுப் போகணுமாம். கல்லீரல் டாக்டரோட கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகையில வந்திருக்கு, ஃபோட்டோவும் போட்டிருக்காங்க, மனுஷன் சிரிக்கவே இல்ல. அப்புறம் புள்ளிவிவரம் சொல்லிக்குடுக்கிற வகுப்பு, சனிக்கிழமை, டீ உண்டு, எல்லாரும் வரலாம்னு போட்டிருந்துச்சு. எல்லாரும்னா நானும்தானேன்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன்.

சிரி, சிரி. உனக்குத் தெரியாது, நான் மத்த ஆராய்ச்சிக்கும் போய்ப் பாத்திருக்கேன். முழங்கால் வலி இருக்கிறவங்க வேணும்னு ஒரு தடவை போட்டிருந்தாங்க. நொண்டி நொண்டிப் போனேன். அந்தப் பொண்ணு அமுக்கிப் பாத்துட்டு, உங்களுக்கு ஒண்ணுமில்ல அங்கிளே, இருவது வயசுக்காரன் முழங்காலுன்னு சொல்லி அனுப்பிட்டா. சர்க்கரைக்குப் போனேன், அதுவும் இல்ல. என்ன ஒடம்பு இது, ஒண்ணுக்கும் உதவாத ஒடம்பு!

இல்ல மோளே, கவலைப்படாத. மக பேசுறாளே. நியூசிலாந்துல நர்ஸு, சொன்னேன்ல. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம கூப்பிடுவா. மாத்திரை போட்டீங்களா, கேஸை மூடினீங்களா, கதவைச் சாத்தினீங்களான்னு கேப்பா. எல்லாத்துக்கும் ஆமாம்பேன். அப்பா, டூட்டிக்கு நேரமாச்சுன்னு வெச்சிருவா. பாவம், அவ மேல குத்தமில்ல. அங்க விடியறப்பதான் எனக்குப் பேச வாய் வருது.

நீ அப்படி இல்ல. ராத்திரி தூக்கம் வந்துச்சான்னு கேப்ப. சாப்பாடு ருசிச்சுதான்னு கேப்ப. மனசு சோர்ந்து கெடந்துச்சா, காரணமில்லாம அழுகை வந்துச்சான்னு கேப்ப. பதில் சொல்ற வரைக்கும் பேனாவைப் பிடிச்சுக்கிட்டு மொகத்தையே பாத்துக்கிட்டிருப்ப. உன் தாள்ல அச்சடிச்ச கேள்விதான், எல்லாருக்கும் இதைத்தான் கேக்குற. இருக்கட்டுமே! கேக்குறது நீதானே. போன தடவை, இந்த வாரத்துல எத்தனை பேரோட பேசினீங்கன்னு கேட்ட. நான் யோசிச்சு யோசிச்சுப் பாத்து மீன்காரியைச் சொன்னேன், கரண்டு பில்லுக்கு வந்தவனைச் சொன்னேன், அப்புறம் உன்னையும் சேத்துக்கலாமான்னு கேட்டேன். நீ சிரிச்சுட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்ட. எனக்குத் தெரியும் நீ எதுக்குத் திரும்பினன்னு.

என் வீட்டுக்காரி விலாசினியைப் பத்திச் சொல்லவா? உனக்குத் தெரிஞ்சதுதான். ரெக்கார்டுல இருக்கட்டும். அவ நோயாளி, நான் கூட்டிருப்பு. நம்ம ஆஸ்பத்திரியில நோயாளி கட்டிலுக்குப் பக்கத்துல பாய் விரிச்சுக் கெடக்கிறவனுக்கு அதானே பேரு. அப்பதான் நீ தாளும் பேனாவுமா வந்த. இவங்களுக்கு ஞாபகம் போய்க்கிட்டிருக்கு, ஒப்பிட்டுப் பாக்க அதே வயசுல, அதே சோறு தின்னு, அதே வீட்டுல இருக்கிற நல்ல ஆள் ஒருத்தர் வேணும், நீங்க சேரறீங்களான்னு கேட்ட. நான் வாயைத் தொறக்கல, அதுக்குள்ள விலாசினி சிரிச்சா பாரு! இந்தாளா நல்ல ஆளு? ஊருல வேற ஆளே கெடைக்கலையா டாக்டரேன்னா. வார்டே சிரிச்சுது. அன்னைக்கு அவளுக்கு எல்லாம் தெளிவா இருந்த நாளு.

அப்புறம் அவளும் நானும் ஒண்ணாத்தான் வருவோம். அவளுக்கு மூணு வார்த்தை, எனக்கு மூணு வார்த்தை. அவ கிட்ட நீ திரும்பக் கேட்டா, காரிமீன்னு சொல்லுவா. எதைக் கேட்டாலும் காரிமீன்தான். வெளிய வந்து, ஒண்ணாவது சரியாச் சொன்னேனான்னு என் கையைப் பிடிச்சுக் கேப்பா. மூணும் சரின்னு சொல்லுவேன். நீ மட்டும் ஃபெயிலு போலன்னு என்னைக் கேலி பண்ணுவா. ஆமாடி, நான் ஃபெயிலுன்னு சொல்லிக் கூட்டிக்கிட்டுப் போவேன்.

கடைசியில அவளுக்கு என்னை யாருன்னு தெரியல. வாசல்லயே நின்னுக்கிட்டு, போட்டு போயிருச்சான்னு கேப்பா. எங்களுக்குள்ள ஆரம்பிச்சதே போட்டுலதான் மோளே. அவ கயிறு கம்பெனிக்குப் போற பொண்ணு. காலையில படகுத்துறையில நிப்பா, எப்பவும் ஒரு கறுப்புக் குடை. போட்டுல நான் மேல, எஞ்சின் டிரைவர் குருவிளா கீழ. கத்தினா அவனுக்குக் கேக்காது, எஞ்சின் சத்தம். அதனால மேல ஒரு கயிறு தொங்கும். ஒரு இழுப்பு இழுத்தா நிப்பாட்டு, ரெண்டு இழுத்தா பின்னாடி எடு. அவ நிக்கிற துறை கண்ணுல பட்டதும் எனக்குக் கை நிக்காது. தேவையே இல்லாம டிங்குன்னு ஒண்ணு கூட இழுப்பேன். குருவிளா கீழருந்து தலையை நீட்டி, ஏன்டா, உனக்கு நிக்கணுமா போகணுமா, இல்ல கல்யாணம் ஆகணுமான்னு கத்துவான். போட்டு முழுக்கச் சிரிப்பு. அவ மட்டும் குடையை மடக்கிக்கிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி ஏறுவா.

அதனால அவ போட்டு போயிருச்சான்னு கேட்டா, இல்ல விலாசினி, இப்ப வந்துரும், நான்தானே ஓட்டிக்கிட்டு வரணும்னு சொல்லுவேன். நல்லதாப் போச்சு, மெதுவா வாங்கன்னு சொல்லிட்டு உக்காந்துக்குவா.

தண்ணி வேண்டாம். இன்னைக்குக் கேன்டீன்ல ஒரு பழம்பொரி தின்னேன் மோளே, நேந்திரம் பழுக்கவே இல்ல, வெறகை மாவுல...

சொல்லிட்டேனா? எப்ப? இன்னைக்கேவா? அட, அவ்வளவு மோசமான பழம்பொரி, ரெண்டு தரம் சொன்னாலும் தகும். நீ ஏன் அதைப் போய் எழுதுற? அதெல்லாம் எழுதாத.

அந்தப் பலகையில நம்ம சமாச்சாரமும் ஒட்டியிருக்காங்க, பாத்தேன். ஞாபக ஆராய்ச்சி, முதல் கட்டம் இந்த மாசத்தோட முடியுது. மாற்றம் எதுவும் காணாதவங்களுக்கு நன்றி. மாற்றம் காணப்பட்டவங்க ரெண்டாம் கட்டத்துக்கு மாசாமாசம் வரணும். எலி ஏசிக்குக் கீழ, சின்ன எழுத்துல. நாலு வருஷமா நீ ஒவ்வொரு தடவையும் சிரிச்ச மொகமா என்ன சொல்லி அனுப்புவ? மாற்றம் ஒண்ணுமில்ல அங்கிளே. நானும் பரீட்சையில பாஸான மாதிரி நெஞ்சை நிமித்திக்கிட்டு பஸ் ஏறுவேன். அப்ப இன்னைக்கோட நம்ம கணக்கு முடிஞ்சுது, இல்லயா? நன்றியாமே. நன்றியை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது மோளே, கஞ்சிக்குத் தொட்டுக்கவா முடியும்?

நீ என்ன பண்ணுவ, மேல உள்ளவங்க தீர்மானம். தெரியும். உன்னைச் சொல்லல.

நேரமாயிருச்சா? சரி, கேளு. குடை. அதோ, மூலையில என் குடை தண்ணி சொட்டிக்கிட்டு நிக்குதே, அதோட அந்த வார்த்தையை முடிஞ்சு வெச்சுட்டேன். அப்புறம் நாரத்தங்கா. அது விலாசினி போடற ஊறுகா, அது எங்க போகும்? அப்புறம்... அவ்வளவுதான். மூணாவது வரல. வயசாயிருச்சுல்ல. எழுதிக்க, மாற்றம் இருக்குன்னு எழுதிக்க.

ஏன் அப்படிப் பாக்குற? நெசமாத்தான் வரல.

அடக் கடவுளே, இந்தப் பொண்ணு கண்ணைப் பாத்துப் பொய் சொல்ல முடியுதா! ஆமா, பொய்தான். பஸ்ஸுல வர்றப்பவே தீர்மானம் பண்ணிட்டேன். இனிமே மாற்றம் இருக்கிறவங்களை மட்டும்தான் கூப்பிடுவாங்கன்னு எவனோ பலகைப் பக்கம் பேசிக்கிட்டுப் போனதைப் போன தடவையே கேட்டுட்டேன். நீ எந்த மூணைச் சொன்னாலும் கடைசியை முழுங்கிடறதுன்னு நெனச்சுத்தான் வந்தேன். ஒண்ணு கொறஞ்சா மாசாமாசம் கூப்பிடுவீங்கள்ல. இந்த நாற்காலியில உக்காந்து, தூங்கினேன், தூங்கலன்னு சொல்லிட்டுப் போலாமேன்னு பாத்தேன். ஆசைதான், வேறென்ன.

வேண்டாம் மோளே. விலாசினி போனப்ப மழையில எங்க வீடு வரைக்கும் வந்து, அடுக்களையில என் பக்கத்துல உக்காந்திருந்தவ நீ. அது உன் தாள்ல இல்லாத வேலை. உன் நாலு வருஷ உழைப்புல நான் ஒரு பொய்யைப் போட்டுட்டுப் போகக்கூடாது. நாளைக்கு எவளோ ஒருத்தி அவ புருஷனை மறக்காம இருக்க நீங்க மருந்து கண்டுபிடிக்கணும். அதனால உள்ளதை எழுது. மூணும் சரி. மாற்றம் ஒண்ணுமில்ல. நன்றின்னு சொல்லி அனுப்பிரு, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். எழுதிக்க. குடை, நாரத்தங்கா...

இரு.

குடை. நாரத்தங்கா. சொல்லாத, நீ சொல்லிடாத. இங்கதான் இருந்துச்சு. நானே ஒளிச்சு வெச்சது எனக்குக் கெடைக்காதா? நீ சொன்னப்பவே, இதுக்கு முடிச்சுப் போடவே வேண்டாம், இது நம்ம சொந்த சாமான்னு மனசுக்குள்ள சிரிச்சேனே. மேல தொங்கும். வெங்கலம். கயித்தைப் பிடிச்சு இழுத்தா... விலாசினிக்கு அது காதுல விழுந்தாப் போதும், குடையை மடக்கிருவா. பாரு, கை தானா மேல போகுது பாரு. இழுக்குது. கைக்குத் தெரியுது மோளே.

இல்ல, இப்ப வெளையாட்டில்ல. இப்பப் பொய் சொல்லல.

பயமா இருக்கு.

நீ எதுக்கு அழற? நீ டாக்டரு. கண்ணைத் தொடச்சுக்க, தாள் நனையுது. நான் கேட்டுத்தானே வந்தேன், கேட்டது கெடைச்சிருச்சு. அந்தச் செவப்பு வெளக்கை மொதல்ல அணை. மக கிட்ட நீ சொல்ல வேண்டாம், ஞாயித்துக்கெழம நானே சொல்லிக்கிறேன். குடையை எடுத்துக் குடு.

அடுத்த மாசம் எந்தக் கெழமை மோளே நான் வரணும்?