சகாய மாதாவுக்கு இடம் இல்லை

எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது, சார். மீன்பிடி லாஞ்சில் கால் வைத்தால் நங்கூரம் தூக்குவதற்குள் வாந்தி வந்துவிடும். காசிமேட்டில் பிறந்தவன் இப்படிச் சொன்னால் ஊரே சிரிக்கும். என் அப்பா சிரிக்கவில்லை, கன்னத்தில் இரண்டு வைத்தார். அதனால்தான் நான் கல்மண்டபத்தில் ஒரு கடையில் ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொண்டு, பிறகு ஐஸ் ஃபாக்டரியில் மோட்டாரும் ஒயரிங்கும் பார்க்கிற வேலைக்கு வந்தேன்.

நான் பேசுவதை அப்படியே எழுதினால் கோர்ட்டில் பாதி புரியாது என்று உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் சொன்னார். அதனால் நானே எழுதித் தருகிறேன். எழுத்துப்பிழை இருக்காது. அந்த விஷயத்தில் நான் கொஞ்சம் கறார்.

முதலில் முதலாளி ஷாகுல் ஹமீது பாயை இதில் இழுக்காதீர்கள். தங்கமான மனிதர். அவருக்குக் கம்ப்யூட்டரை ஆன் பண்ணக்கூடத் தெரியாது.

எங்கள் ஃபாக்டரிச் சுவரைப் பற்றி உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ஐஸ் ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போகிற லாஞ்சின் பெயரைச் சாக்பீஸால் அந்தச் சுவரில் எழுதுவோம். திரும்பி வந்ததும் அந்த லாஞ்சு ஆளே வந்து ஈரக்கையால் அழிக்க வேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது, பெண்டாட்டிகூடத் தொடக்கூடாது. எண்ணூரில் கரையேறினாலும் பழவேற்காட்டில் கரையேறினாலும் ஒருவன் பஸ் பிடித்து வந்து பெயரை அழித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான். நாலு நாள் தாண்டியும் ஒரு பெயர் அழியாமல் நின்றால், மறுநாள் வியாபாரத்துக்கு ஒருத்தருக்கும் ஐஸ் கிடையாது. எல்லா லாஞ்சும் அந்த ஒன்றைத் தேடிப் போக வேண்டும். டீசல் பாய் செலவு. அவருடைய அப்பா காலத்து ஏற்பாடு அது. கரையில் இருக்கிறவர்களுக்கு யார் வந்தார், யார் வரவில்லை என்பதெல்லாம் அந்தச் சுவரைப் பார்த்துத்தான் தெரியும்.

நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பார்க்கக் கலீஜாக இருக்கும். மழை பெய்தால் சாக்பீஸ் கரைந்து வழியும்.

பாயின் மச்சான் ஜஹாங்கீர் கப்பலில் வேலை செய்கிறவர். போன வருஷம், அதாவது எழுபத்தெட்டுக் கடைசியில், சிங்கப்பூரிலிருந்து வீட்டில் வைத்துக்கொள்கிற கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். டைப்ரைட்டர் மாதிரி ஒரு பெட்டி, ஒரு சின்ன டி.வி., ஒரு கேசட் பிளேயர், ஒரு புத்தகம். அவர் பிள்ளைகள் இரண்டு நாள் தட்டிப் பார்த்துவிட்டு, பாட்டு வரவில்லை என்று விட்டுவிட்டார்கள். பாய் அதை ஆபீசில் கொண்டுவந்து வைத்தார்.

"இன்னாப்பா லூயிசு, இது ஏதாச்சும் வேலைக்கு ஆவுமா, இல்ல காயலாங்கடைக்கா?" என்றார்.

"குடுங்க பாய், நான் பாக்குறேன்" என்றேன்.

பார்த்தேன். சாப்பாடு தூக்கம் மறந்து பார்த்தேன், சார். அதுவரைக்கும் அடுத்தவன் செய்த ரேடியோவைத்தான் ரிப்பேர் செய்திருக்கிறேன். இதில் நான் சொன்னது நடந்தது. நான் சொல்லாதது நடக்கவில்லை. என் வாழ்க்கையில் என் பேச்சைக் கேட்ட முதல் ஆள் அந்த மிஷின்தான்.

சுவரில் இருந்ததை அப்படியே அதற்குள் ஏற்றினேன். லாஞ்சு போனால் பெயர் ஏறும். நாலு நாள் தாண்டினால் அந்தப் பெயர் டி.வி.யில் விட்டுவிட்டு மின்னும். பாய் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: திரும்பி வந்தவன்தான் அழிக்க வேண்டும், அவன் கையாலேயே பட்டனை அமுக்க வேண்டும். சரி என்றேன். சுவருக்கு வெள்ளை அடித்தோம். கொஞ்ச நாளில் எல்லோருக்கும் பழகிவிட்டது. மீன் செதில் ஒட்டிய விரலால் என் பட்டனை அமுக்குவார்கள். நான் பின்னாலேயே துணி வைத்துத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

இப்போது மெமரி என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் என் பக்கத்து நியாயம் உங்களுக்குப் புரியாது. மிஷினை அணைத்தால் அதற்கு எல்லாம் மறந்துவிடும். தினமும் காலையில் கேசட்டைப் போட்டு முதலில் புரோகிராமை ஏற்ற வேண்டும், பிறகு பெயர்களை ஏற்ற வேண்டும். எல்லாம் சேர்ந்து நாலாயிரம் எழுத்துக்குத்தான் உள்ளே இடம். ஒண்டுக்குடித்தனத்தில் கல்யாணம் வைத்த மாதிரி. இடம் போதாவிட்டால், இடமில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டிவிட்டு அப்படியே நின்றுவிடும்.

மீன் சீசன் வந்தது, போகிற லாஞ்சுகள் கூடின, மிஷின் நிற்க ஆரம்பித்தது. நான் இடம் தேடினேன். எந்த வரி எதற்கு என்று எனக்காகவே புரோகிராமுக்குள் எழுதி வைத்திருந்த குறிப்புகளை முதலில் எடுத்தேன். பிறகு வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் இருந்த இடைவெளியை எடுத்தேன். பிறகு லாஞ்சு பெயர்களுக்கு முன்னால் இருந்த 'செயின்ட்' என்ற சொல்லை எடுத்தேன். எங்கள் பக்கம் பாதி லாஞ்சுக்கு அந்தோணியார், சவேரியார் பெயர்தான். எல்லாப் புனிதர்களும் ஒரே காலையில் சாதாரண ஆட்கள் ஆனார்கள். பங்குச் சாமியாரிடம்கூட இதைச் சொன்னேன், சிரித்தார்.

அடுத்து, நாலு நாள் தாண்டிய பெயரை மின்ன வைக்கிற வரிகளை எடுத்தேன். அது நிறைய இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. தினமும் பெயர்களை நான்தான் பார்க்கிறேன், நாள் கணக்கு எனக்குத் தெரியாதா என்ன? பாயிடம் சொல்லவில்லை. சொன்னாலும் அவருக்குப் புரிந்திருக்காது.

பிறகு பாய் ஒரு விழா வைத்தார். என் ஏற்பாட்டை ஊருக்குக் காட்டுகிற விழா. லாஞ்சு உரிமையாளர் சங்கத் தலைவர் குணசேகரன் தலைமை. அவருடைய புது லாஞ்சு அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கடலுக்குப் போகிறது, அதன் பெயரை அவரே மிஷினில் தட்டுவதாக ஏற்பாடு. வாசலில் பந்தல், உள்ளே கோலி சோடா, ரோஜா மாலை. ஜஹாங்கீர்கூடக் கப்பலுக்குப் போவதைத் தள்ளிப்போட்டார்.

விருந்தாளிகள் வருவதற்கு முன்னால் ஒத்திகை பார்த்தேன். புதுப் பெயரைத் தட்டினேன். மிஷின் நின்றுவிட்டது. இன்னும் ஒரே ஒரு பெயருக்கு இடம் வேண்டும்.

நான் பதறவில்லை. யோசித்தேன். மற்ற லாஞ்சுகள் ஐஸ் ஏற்றிப் பெயர் போட்டுவிட்டு, விழா முடிந்ததும் கிளம்பலாம் என்று கரையில் நின்றன; அந்தப் பெயர்களில் எதை எடுத்தாலும் அதன் ஆட்கள் விழாவுக்கு வந்து என் முதுகுக்குப் பின்னால் நிற்பார்கள். சகாய மாதா என்ற லாஞ்சு மட்டும் கடலில் இருந்தது. பெயரும் நீளம். அதன் டிரைவர் தவசிமுத்து, ஞானம், இன்னும் மூன்று பேர் தூத்துக்குடிப் பக்கத்து ஆட்கள். அவர்கள் போய் அன்றைக்கு மூன்றாம் நாள். நன்றாகக் கவனியுங்கள், மூன்றாம் நாள். சட்டப்படி அது தாமதமான லாஞ்சே கிடையாது. எடுத்துவிட்ட பிறகு அது தாமதமாவதற்கும் வழியில்லை. கடலில் இருக்கிறவன் வந்து என் பெயர் எங்கே என்று கேட்கப் போவதில்லை.

எடுத்தேன். குணசேகரன் வந்தார், ஒரு விரலால் தேடித் தேடித் தட்டினார், லாஞ்சு பெயர் ஏறியது. எல்லோரும் கைதட்டினார்கள். பாய் எனக்குச் சால்வை போட்டார். என் அப்பா இருந்திருந்தால் பார்த்திருப்பார்.

சாயங்காலம் திரும்ப ஏற்றலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அதை ஏற்றினால் குணசேகரனுடையதை எடுக்க வேண்டும். அதெப்படி நன்றாக இருக்கும்?

தவசிமுத்துவின் மனைவி சிலுவையம்மாள் இரண்டு நாள் கழித்து வந்தார். எனக்குத் தூரத்து உறவு, அக்கா முறை.

"லூயிசு, எங்க லாஞ்சு பேரு அதுல கீதான்னு பாரு நைனா."

"இல்லக்கா."

"நல்லா பாரு. கரையில யாருமே பாக்கலன்றாங்க."

"டி.வி.ல இன்னா கீதோ அத்தத்தான் நான் சொல்ல முடியும். பேரு இல்ல."

"அப்ப வந்து அழிச்சுட்டுப் பூட்டானா அந்தாளு? வூட்டுக்கு வராம எங்க பூட்டான்?"

"எனக்கு இன்னாக்கா தெரியும்."

இதில் எங்கேயாவது பொய் இருக்கிறதா, சார்? ஒரு வார்த்தை காட்டுங்கள். பெயர் இல்லை. இல்லை என்றேன்.

கரையில் எல்லோரும் அதையேதான் நம்பினார்கள். பெயர் அழிந்துவிட்டது, அப்படியானால் தவசிமுத்து கரையேறிவிட்டான், எங்கேயோ குடித்துவிட்டுக் கிடக்கிறான். எண்ணூரில் அவனுக்கு வேறு ஒருத்தி இருப்பதாக யாரோ கிளப்பிவிட்டார்கள். அக்கா அவனுடைய டிரங்குப் பெட்டியைத் தூக்கித் தெருவில் எறிந்தார். வேட்டி சட்டை எல்லாம் சாக்கடை ஓரத்தில் கிடந்தன. "வரட்டும் கஸ்மாலம், வந்தா இந்த வாசல மிதிக்கட்டும் பாக்குறேன்" என்று தெருவே கேட்கக் கத்தினார். எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஒரு சட்டையை எடுத்து மடித்துத் திண்ணைப் பக்கம் வைத்துவிட்டு வந்தேன். எனக்கும் இரக்கம் உண்டு.

மறுநாள் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை கத்தவில்லை.

"அவரு வந்து அழிக்கும்போது ஆளு எப்டி இருந்தாரு நைனா? ஒடம்பு கிடம்பு சரியில்லாம இருந்தாரா?"

"நான் பாக்கலக்கா" என்றேன். அதுவும் உண்மைதான்.

அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்டீர்கள். சொல்லியிருந்தால் என்ன பேசுவார்கள்? மிஷின் தப்புப் பண்ணிவிட்டது என்பார்கள். மறுநாளே சாக்பீஸை எடுத்துக்கொண்டு சுவருக்குப் போய்விடுவார்கள். மிஷின் ஒரு தப்பும் பண்ணவில்லை, சார். செய்யாத தப்புக்கு அதன் மேல் பழி வருவதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன்?

சில நாள் கழித்து, பழவேற்காட்டுக்குக் கிழக்கே, கட்டுமரக்காரர்கள்தான் சகாய மாதாவைப் பார்த்தார்கள். இன்ஜின் சாஃப்ட் உடைந்து, போன மறுநாளிலிருந்தே மிதந்துகொண்டிருந்திருக்கிறது. குடிதண்ணீர் தீர்ந்துபோயிருந்தது. ஞானம் ஒருத்தனுக்குத்தான் மூச்சு இருந்தது. மற்ற நாலு பேரையும் ராயபுரத்துக்குக் கொண்டுவந்தபோது, சவப்பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சாமியார் சொல்லிவிட்டார். அக்கா அன்றைக்கு அழவில்லை. தெருவில் எறிந்த துணிகளைத் துவைத்து, காயவைத்து, அந்த டிரங்குப் பெட்டிக்குள்ளேயே திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தாராம். பக்கத்து வீட்டு டோரதி டீச்சர் சொன்னார்.

ஞானம் ஆஸ்பத்திரியில் சொன்னதை நீங்கள் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். நாலாம் நாள் ராத்திரி தூரத்தில் ஒரு கப்பல் வெளிச்சம் தெரிந்திருக்கிறது. கேன்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நீந்தலாம் என்று தூத்துக்குடிக்காரர்கள் கிளம்பியிருக்கிறார்கள். தவசிமுத்துதான் விடவில்லை.

"எங்கியும் போவாதீங்கடா. பேரு செவுத்துல கீது. விடிஞ்சா நம்ம ஆளுங்க எல்லா லாஞ்சும் எடுத்துகினு வருவாங்க" என்றாராம். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாராம், நாக்கு எழும்புகிற வரைக்கும்.

சுவரில் பெயர் எழுதுவதை எப்போதோ நிறுத்திவிட்டோம் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். அந்த மனிதர் அதைக்கூடச் சரியாகத் தெரிந்துவைத்திருக்கவில்லை.

பெயரை யார் அழித்தது என்று பாய் ஆபீசில் எல்லோரையும் நிற்கவைத்துக் கேட்டார். நான்தான் என்றேன். மறைக்கவே இல்லை. அதுவரைக்கும் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். பாய் என்னை அடிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "யா அல்லா, எங்க அத்தா அந்தச் செவுத்த என்ன நம்பித்தானே உட்டுட்டுப் போனாரு" என்று தலையில் அடித்துக்கொண்டார். எனக்குத்தான் சங்கடமாகப் போய்விட்டது.

ஆக, இதையும் என் கையாலேயே எழுதிவிடுகிறேன். சகாய மாதா திரும்பவில்லை என்று எனக்குத் தெரியும். நாலாம் நாள் தாண்டியதும் தெரியும். அக்கா முதல் தடவை வந்து கேட்டபோது அவர்கள் உயிரோடு இருந்திருப்பார்கள் என்பதும், நான் ஒரு வார்த்தை சொன்னால் காசிமேடே கடலில் இறங்கியிருக்கும் என்பதும் தெரியும். தெரிந்துதான் சொல்லவில்லை.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். அந்தப் பெயருக்குப் பதிலாக மெமரியிலிருந்து வேறு எதையும் எடுத்திருக்க முடியாதா என்று. நீங்கள் சூட்டிகையான ஆள், சார். பாய்க்குக்கூட இது தோன்றவில்லை.

ஒன்று இருந்தது. காலையில் கேசட் ஓடி முடித்ததும், லாஞ்சு பெயர்கள் வருவதற்கு முன்னால், புள்ளிகளால் ஆன ஒரு மீன் டி.வி.யின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு வாலை ஆட்டிக்கொண்டு நீந்திப் போகும். அதன் பின்னாலேயே பெரிய எழுத்தில் 'லூயிஸ்' என்று வரும். அதை எடுத்திருந்தால் பத்துப் பதினைந்து லாஞ்சுக்கு இடம் கிடைத்திருக்கும். ஆனால் விழாவில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டியது அந்த மீனுக்குத்தான். அதை எடுத்துவிட்டால் இதை யார் செய்தது என்று யாருக்குத் தெரியும்?

மிஷினைச் சாட்சியாக எடுத்துப் போகப் போவதாகச் சொன்னீர்கள். கோர்ட்டில் போடும்போது கேசட்டை அவசரப்பட்டு நடுவில் நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். மீன் முழுசாகப் போன பிறகுதான் என் பெயர் வரும்.