பால்கனியில் ஒரு போர்வை

பால்கனியில் துணி உலர்த்துவது பற்றி எனக்கும் என் மனைவிக்கும் முப்பத்தைந்து வருடமாகத் தகராறு. ஈரம் சொட்டினால் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார் என்பாள். வெயிலைச் சும்மா விடுவானேன் என்பேன். அதனால் அந்தப் போர்வையை நான் அங்கே போட்டபோது யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவளுக்கும்தான்.

நீங்கள் கேட்பதற்கு முன் நானே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன் ஐயா. நான் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். எங்களுக்கு ஒரே மகன். என் மனைவிக்கு வலிப்பு நோய். மாத்திரையின் அளவு அடிக்கடி மாறும் என்பதால் வாரத்துக்கு ஒரு பொட்டலம்தான் தருவார்கள். சனிக்கிழமைதோறும் மகன் அதை வாங்கிக்கொண்டு நகரத்தின் மறுகோடியிலிருந்து காரில் வருவான். சாப்பிடுவான், சோபாவில் வாயைத் திறந்தபடி தூங்குவான், முடி வெட்டாததற்கு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு கிளம்புவான். அந்த ஒரு நாளுக்காகத்தான் எங்கள் வீட்டில் மற்ற ஆறு நாளும் விடிந்தன.

பிறகு ட்ரோன் வந்தது. மகனுக்கு வேலையே அதை அனுப்பும் கம்பெனியில்தான். தெருவில் வண்டிகளைக் குறைத்துப் புகையைக் குறைப்பது அவர்கள் நோக்கம். நல்ல நோக்கம், நான் குறை சொல்ல மாட்டேன். ட்ரோன் இறங்க அடையாளமாகப் பால்கனித் தரையில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட விரிப்பு ஒன்றை ஒட்டிவிட்டு நிமிர்ந்தான்.

"ஒரு கைப்பிடி மாத்திரைக்காக ஒரு டன் இரும்பை ஓட்டிட்டு வரேன்பா. எவ்வளவு புகை தெரியுமா? இது பேட்டரியில வந்து வெச்சிட்டுப் போயிடும்."

"மாத்திரைக்காகத்தான் வந்துட்டு இருந்தியாடா?" என்று அவள் கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கு ட்ரோன் வந்தது. மகன் வரவில்லை. ஏழு சனிக்கிழமை அப்படிப் போயிற்று. ஏழு முறையும் அவள் மூன்று தட்டு எடுத்து வைத்து, ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்தாள். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

கதவு சரியாக மூடாவிட்டால் லிஃப்ட் நகராது. பாதுகாப்புக்காகச் செய்துவைக்கும் ஏற்பாடு அது. ட்ரோனும் அதே ரகம்தான். கட்டம் கண்ணில் படாவிட்டால் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடும். எட்டாவது சனிக்கிழமை விரிப்பின் மேல் ஈரப் போர்வையை விரித்தேன். மாலையே மகன் மாத்திரையோடு வாசலில் நின்றான். ராத்தங்கிவிட்டுத்தான் போனான். அவள் ஒரு வாரம் பாடிக்கொண்டே வேலை செய்தாள். இரண்டு மாதம் கழித்து இன்னொரு முறை செய்தேன். அப்போதும் வந்தான்.

மூன்றாவது முறை அவனுக்கு ஆபீசில் தலைக்கு மேல் வேலை. "நாளைக்கு மறுபடி அனுப்பச் சொல்றேன்பா" என்றான். ஞாயிற்றுக்கிழமையும் போர்வை காயவில்லை. திங்கட்கிழமையும் காயவில்லை. கம்பெனியிலிருந்து போன் வந்தது, நான் எடுக்கவில்லை. இன்னும் ஒரு நாள் பொறுத்தால் அவனே வந்துவிடுவான் என்று எனக்குத் தெரியும்.

"என்னங்க, மாத்திரை இல்லாம மூணு நாளாச்சு. கீழ மருந்துக் கடையில கேளுங்களேன்."

"பையனே எடுத்துட்டு வரானாம்" என்றேன்.

அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் ஐயா. அதற்குப் பிறகு மாத்திரையைப் பற்றி அவள் பேசவே இல்லை. அவன் தலையணைக்கு உறை மாற்றினாள். அந்தக் கடைக்கு நான் போகாமல் இல்லை. டாக்டர் சீட்டும் சட்டைப் பையில்தான் இருந்தது. மகன் வரும்போது தாடியோடு இருக்க வேண்டாமே என்று ஷேவிங் பிளேடு வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

செவ்வாய் காலை சமையலறையில் விழுந்தாள். வலிப்பு நிற்கவே இல்லை. ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். அது வருவதற்குள் போர்வையை எடுத்து மடித்து அலமாரியில் வைத்தேன். பிறகு அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. மகன் ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டான்.

பதினாறு நாள் என்னோடு இருந்தான். அந்த நாட்களில்தான் புகார் எழுதினான். ட்ரோனைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணின் அலட்சியம்தான் காரணம் என்று அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வீடுகளைப் படம் பிடித்து வைக்கக் கூடாது என்பதால் விரிப்பு மூடிக் கிடந்ததற்கு அவளிடம் ஆதாரம் இல்லை. அந்தப் பெண் என் வீட்டுக்கே வந்தாள்.

"மூணு நாளும் விரிப்பு தெரியலன்னு எழுதி அனுப்பினேன் சார். போன் கூடப் பண்ணேன். நீங்களாவது சொல்லுங்க சார்" என்று அழுதாள். தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

பதினேழாம் நாள் மகன் பெட்டியைக் கட்டினான். "ஆளை மாத்திட்டாங்கப்பா, இனிமே தவறாது. உங்க பிரஷர் மாத்திரையும் சாப்பாடும் அதுலயே வந்துடும்" என்றான். அதன்பின் மூன்று சனிக்கிழமை போய்விட்டன.

அந்தப் பெண்ணுக்காகத்தான் இன்று ஸ்டேஷனுக்கு வந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். போர்வை போட்டது நான். மாத்திரை வேண்டும் என்று என் மனைவி கேட்டும் வாங்கித் தராதவன் நான். அவளுக்கு மகனைப் பார்க்க வேண்டும் போலிருந்தது, அதற்காகத்தான் செய்தேன். எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். சிறைக்கு மேல் ட்ரோன் பறக்கக் கூடாதாம், விசாரித்துவிட்டேன். என்ன கொடுப்பதானாலும் ஆள்தான் நேரில் வர வேண்டுமாம். பார்வையாளர் நாள் சனிக்கிழமைதானா என்று மட்டும் சொல்லுங்கள் ஐயா.