ததேயுஸ் லேத் ஒர்க்ஸ்

டீ கொஞ்சம் ஆறட்டும் சார். பட்டறைக்காரன் எவனும் சூடாகக் குடித்துப் பழகியிருக்க மாட்டான். கிளாசை வாயருகே கொண்டுபோகும்போதுதான் யாராவது கூப்பிடுவார்கள்.

பட்டறையைப் புதுக்கடை ஊரில் நானும் ததேயுஸும் சேர்ந்துதான் தொடங்கினோம். வள்ளத்தில் எஞ்சினையும் புரொப்பல்லரையும் இணைக்கிற உருக்குத் தண்டு, அதாவது ஷாஃப்ட், எங்கள் சரக்கு. லேத்தில் கடைவது நான். கரைக்குக் கொண்டுபோய்ப் பூட்டுவது அவன், அவன் கடற்கரைக்காரன். கொஞ்ச நாளில் வருகிறவர்கள் எல்லாம் "ததேயுஸ் ஷாஃப்ட் உண்டா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். லேத்தில் நின்றுகொண்டிருந்த என்னிடமே கேட்டார்கள்.

2004 கிறிஸ்துமஸ் அன்று கேக்கோடு வீட்டுக்கு வந்தான்.

"ரசலு, வருசம் பொறந்தா கரையிலயே தனியா ஒரு பட்டறை போடலாம்னு இருக்கேன். மனசுல ஒண்ணும் வச்சுக்காத மக்கா."

சரி என்றேன். கேக்கையும் தின்றேன்.

மறுநாள் ஞாயிறு. முன்பே சொல்லிவைத்திருந்த ஒரு ஷாஃப்டைக் கரைக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தான். அலை வந்தபோது நான் மேட்டில் நின்று அதை டெம்போவிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தேன். தண்ணீர் வடிந்ததும் கீழே போனேன். ஷாஃப்ட் தோளிலேயே இருந்தது.

கவிழ்ந்த வள்ளத்துக்கு அடியில் கிடந்தான். முகமெல்லாம் மணல். என்னைப் பார்த்ததும் சிரித்தான்.

"வந்துட்டியா? ஷாஃப்ட அடியில குடுத்து நெம்புலே. காலுதான் மாட்டியிருக்கு."

ஓர் ஆள் நெம்பினால் போதும், பார்த்தவுடன் தெரிந்தது. கடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. நேரமும் இருந்தது. அவன் என் கையைப் பிடித்திருந்தான். விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல்தான் எடுத்தேன்.

"ஆளக் கூட்டிட்டு வாறேன்" என்றேன்.

ஷாஃப்டையும் எடுத்துக்கொண்டேன். நல்ல சரக்கு, மணலில் போட மனம் வரவில்லை. பின்னால் அவன் வள்ளத்தைத் தட்டிக்கொண்டிருந்தான்.

மேட்டில் ஓர் இளைஞன் கயிற்றோடு ஓடிவந்தான். "அண்ணே, கீழ யாராச்சும் கெடக்கியாளா?"

"யாருமில்ல. நீயும் போவாத, திரும்பு."

திரும்பிவிட்டான். அடுத்த அலை அதற்குப் பிறகுதான் வந்தது. ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பட்டறைக்கு அவன் பெயரை வைத்தேன். அவன் மனைவி ரீத்தாவுக்கு அங்கேயே வேலை கொடுத்தேன். கரையில் முழு வள்ளம் ஒன்றுகூட மிஞ்சவில்லை, எல்லோருக்கும் ஷாஃப்ட் வேண்டியிருந்தது. ஒரு லேத் நான்கானது, பிறகு புது ஷெட். எப்போதும் ஒரு லேத்தாவது ஓட வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தேன். ஓயாத உழைப்பாளி என்றார்கள். மெஷின் எல்லாம் நின்றால் அந்தத் தட்டல் கேட்கும் சார். வீட்டிலும் அதனால்தான் ஃபேனை நிறுத்துவதில்லை.

"கடைசியா ஏதாவது சொன்னாரா அண்ணா?" என்று ரீத்தா ஒருமுறை கேட்டாள். "எனக்க கையப் பிடிச்சிட்டு ஒனக்க பேரச் சொன்னான். அதுக்குள்ள அடுத்த அலை வந்து பிரிச்சிட்டு" என்றேன். அவள் ஆறுதலுக்காகத்தான்.

போன வாரம் ஜிபின் என்று ஒருவன் ஷாஃப்ட் வாங்க வந்தான். சவுதியிலிருந்து திரும்பிச் சொந்தமாக வள்ளம் வாங்கியிருக்கிறான். சுவரில் இருந்த ததேயுஸின் போட்டோவைப் பார்த்து, எங்கே வைத்து இறந்தார் என்று கேட்டான். ரீத்தாதான் எல்லாம் சொன்னாள், நான் சொல்லியிருந்தபடியே. அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, மேட்டுல கயித்தோட வந்தது நான்தான். அடுத்த அலைக்கு முன்னாடி நீங்க ஏறி வந்தாச்சே. யாருமில்லேண்ணுல்லா சொன்னிய?"

ரீத்தா எழுந்தாள். போட்டோவைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம்தான் வந்திருக்கிறாள்.

கடல்தான் கொன்றது என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். கடல் அவனை விட்டுவிட்டுத்தான் போயிருந்தது. கொன்றது நான்.

ஆனால் அவளிடம் நீங்களே கேட்டுப் பாருங்கள் சார். இத்தனை வருடத்தில் அவன் பெயர் பொறிக்காமல் ஒரு ஷாஃப்ட் வெளியே போனதுண்டா என்று. கூடப்பிறந்தவன்கூட இவ்வளவு செய்திருக்க மாட்டான்.