ஈரக் கால்

கால் கழுவாமல் நான் எந்த நற்காரியத்தையும் தொடங்குவதில்லை. தெமோதரையில் முப்பத்தோராண்டுகள் ஆசிரியனாக இருந்தபோதும் அப்படித்தான். ஓய்வுபெற்ற பின்னரும் அப்படித்தான்.

2004ஆம் ஆண்டு என் மகன் நிருபன் கொழும்பிலிருந்து ஒரு தராசு கொண்டுவந்தான். வயதையும் உயரத்தையும் பதிந்துவிட்டு வெறுங்காலோடு ஏறி நின்றால், எடையோடு உடற்கொழுப்பு நூற்றுக்கு எத்தனை என்பதையும் காட்டும். கால் ஈரமாயிருந்தால் கொழுப்பைக் குறைத்துக் காட்டக்கூடும் என்று அதன் குறிப்பேடு எச்சரித்தது. குறிப்பேடு ஆங்கிலத்தில் இருந்தது. அயலவர் அழகருக்கு ஆங்கிலம் தெரியாது.

அழகர் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடைபோட்டவர். மழை நாளில் ஈரத்துக்கென்று கூடைக்கு இரண்டு கிலோ கழிப்பார். தம் மனைவி பெரியாயியின் கூடைக்கும் கழித்தார். தராசு சொன்னதை அவர் ஒருநாளும் சந்தேகித்ததில்லை. ஞாயிறுதோறும் பெரியாயி கருப்பட்டிப் பணியாரம் சுடுவார். அழகருக்குப் பன்னிரண்டு, விருந்தினனாகிய எனக்கு நான்கு. இப்பங்கீட்டில் நியாயமில்லை என்பதை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

ஆகவே, ஐந்தடி எட்டங்குல அழகரை நான்கடி எட்டங்குலமாகப் பதிந்தேன். நாற்பத்திரண்டு என்றது தராசு. பின்னர் நான் கால் கழுவிவிட்டு ஏறினேன். பதினெட்டு.

"பாதிக்குக் கிட்ட கொழுப்பாங்க, மாஸ்டர்?" என்றார் அழகர்.

"தராசு சொல்லுது. நான் என்ன செய்யிறது, அழகர்?"

அவரைத் தேற்றுவதற்காக, கிழங்கு தின்பதைத் துறந்து மானாகிவிட்ட வெலிமடைக் காட்டுப்பன்றியின் கதையைச் சொன்னேன். அன்று காலையில்தான் அதை இயற்றியிருந்தேன்.

மறு ஞாயிறு முதல் பதினாறு பணியாரமும் எனக்கே வந்தன. அழகர் வெள்ளரிக்காய் தின்றார். ஐந்து மாதங்களில் தம் பெல்ட்டில் ஆணியால் மூன்று புதிய துளைகள் இட்டார். பெரியாயி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார். தராசோ முப்பத்தெட்டுக்குக் கீழே இறங்கவில்லை. அவர் மெலிவதைக் கண்டு நான் மிகவும் வருந்தினேன்; வருந்தினால் எனக்குப் பசி கூடும்.

கார்த்திகையில் ஒரு நாள், நான் தராசிலிருந்து இறங்கியதும் அழகர் குனிந்து அதன் கண்ணாடித் தட்டைப் பார்த்தார்.

"ஈரமா இருக்கே, மாஸ்டர். ஈரம்னா தராசு தப்பாத்தான் காட்டும். தொடச்சிட்டு ஏறுங்க."

துடைத்துவிட்டு ஏறினேன். முப்பத்தொன்று.

"எனக்கு என்ன உயரம் போட்டீங்க?"

நேரடியாகக் கேட்டால் நான் பொய் சொல்வதில்லை. சொன்னேன்.

"முப்பது வருசமா என் கூடையில கழிச்சீங்க," என்றார் பெரியாயி தம் கணவரிடம். "இப்ப மாஸ்டரு உங்கள்லயே ஒரு அடி கழிச்சிட்டாரு."

அழகர் சிரிக்கவில்லை. "என் பணியாரம்," என்று மட்டும் சொன்னார்.

குற்றத்தை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். அவருடைய உயரத்தைத் திருத்திவிட்டேன். பரிகாரமாக, அடுத்த ஞாயிறு நானே பன்னிரண்டு பணியாரம் சுட்டு, குடை பிடித்துக்கொண்டு அவர் வீட்டுக்கு நடந்தேன். எட்டைக் கையில் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன்.

வழியெல்லாம் மழை. ஈரத்துக்கென்று நான்கு கழித்திருந்தேன்.